ஒரே மென்பொருளில் மட்டும் பின்யின் (ஆங்கில எழுத்தில் அடித்துச் சீனம் பெறும் முறை) வரவில்லை: க்யூடி 5.12க்குப் பிளகின் கட்டியவர்கள் உண்டா?

உபுண்டு 24.04 (லினக்ஸ்), எக்ஸ்11 திரை அமைப்பு, எஃப்சிடிஎக்ஸ்5 (சீனம் தட்டச்சிட உதவும் உள்ளீட்டு மென்பொருள்). ஃபயர்பாக்ஸில் சீனம் ஒழுங்காக விழுகிறது. ஒரு வரைபட மென்பொருளில் மட்டும் கண்ட்ரோல்+ஸ்பேஸ் அழுத்தினாலும் ஆங்கில எழுத்துதான்.

காரணம் தெரியும். அது தன் கோப்புறையிலேயே க்யூடி (சாளரங்களைக் கட்டும் நிரல் நூலகம்) 5.12ஐச் சுமந்து வருகிறது. அதன் உள்ளீட்டுப் பிளகின்களில் ஐபஸ் (இன்னொரு உள்ளீட்டு மென்பொருள்) இருக்கிறது, எஃப்சிடிஎக்ஸ் இல்லை. சிஸ்டத்தில் உள்ளதை நகலெடுத்துப் போட்டாலும் ஏற்காது, அது 5.15இல் கட்டியது, பழைய க்யூடி புதிய பதிப்பின் பிளகினை ஏற்றாது.

க்யூடி_ஐஎம்_மாட்யூல்=ஐபஸ் என்று சூழல் மாறியைக் கொடுத்துத் திறந்தால் தட்டச்சு நடக்கிறது, எஃப்சிடிஎக்ஸ்5 ஐபஸ் போலவும் பதில் சொல்லும் என்பதால். ஆனால் எழுத்துத் தேர்வுப் பெட்டி கர்சரை விட்டுத் திரையின் மூலையில் நிற்கிறது. பத்தி பத்தியாக அடிப்பவருக்கு இது பெரும் வேதனை.

இரண்டு கேள்விகள்: 5.12இன் பிரைவேட் ஹெடர்களோடு (க்யூடியின் உள் நிரல் கோப்புகள்) எஃப்சிடிஎக்ஸ் பிளகினை யாராவது கட்டியிருக்கிறீர்களா? அப்படிக் கட்டினால் பெட்டி கர்சருக்கு வருமா, அல்லது மென்பொருளே கர்சர் இடத்தைச் சொல்லாமல் விடுகிறதா? பில்ட் கட்டளையோடு சொன்னால் பேருதவி.