பனி கரைந்த சரளைக்குள் கண்ட பூ

வெள்ளவத்தையிலிருந்து:

போன வருடம் ஜூலையில் தம்பி வீட்டுக்கு சுவிஸ் போயிருந்தேன். செர்மாற்றிலிருந்து கோர்னர்கிராட்டுக்கு ரயிலில் கூட்டிப்போனான். உயரம் 3,089 மீற்றர். எல்லோரும் மாற்றர்ஹோர்ன் மலையைப் படம் எடுக்க, எனக்கு மூச்சு வாங்கியது. ஒரு கல்லில் குந்திவிட்டேன். காலடியில், பனி கரைந்து ஓடிய சரளைக்குள், ஒரு வெள்ளைப் பூ.

ஒரு சாண்கூட உயரமில்லை. ஐந்து இதழ், நடுவில் மஞ்சள். குனிந்து அடியைப் பார்த்தேன்: புல்லி முழுக்கத் துருநிற மயிர், பூனைக்குட்டியின் வயிறுபோல. இலை பசளியைப்போலத் தடிப்பு, ஆனால் கோழிக்கால் மாதிரிப் பிளந்திருந்தது. ரனன்குலஸ் கிளேசியாலிஸ் என்பது அதன் அறிவியல் பெயர்; ஜெர்மன் மொழியில் அதன் பெயரே பனியாற்றுச் சேவற்கால் என்ற பொருளில்தானாம். கை நீட்டினேன். "மாமி, பிடுங்காதேங்கோ, சாறு பட்டால் தோல் எரியும்" என்றாள் மருமகள்.

இரண்டடி தள்ளிக் கருஞ்சிவப்பில் இன்னொன்று. வேறு சாதி என்று நினைத்தேன். "அதுவும் இதுதான் மாமி. காய் பிடிச்சால் சிவந்திடும்." நம் பல்கணிப் பூக்கள் காய் பிடித்ததும் இதழை உதிர்த்துவிடும். இது உதிர்க்காமல் வைத்திருந்து நிறம் மாறுகிறது.

மொட்டுக் கதைதான் இன்றுவரை மனதை விட்டுப் போகவில்லை. அங்கே கோடை இரண்டு மூன்று மாதம். அதற்குள் மொட்டு வைத்து, பூத்து, காய்க்க நேரம் போதாது. ஆகவே வருகிற வருடப் பூவை முந்திய கோடையிலேயே உருவாக்கிவைத்துக்கொண்டு பனிக்கடியில் கிடக்கிறது. ஆல்ப்ஸில் 4,200 மீற்றருக்கு மேலேயும் கண்டிருக்கிறார்கள். அந்த உயரத்தில் பூக்கிற செடிகள் மிகச் சிலதான்!

கொட்டாஞ்சேனையிலிருந்து:

அக்கா, அந்தப் பூவின் சொந்தம் எங்கட ஹோட்டன் சமவெளியிலயும் இருக்கு. ரனன்குலஸ் சாஜிட்டிஃபோலியஸ். இலை அம்பு முனை மாதிரி, பூ மஞ்சள். அங்க உலகமுடிவு எண்ட மலை விளிம்புக்கு விடிய நடக்கேக்க ஈரப் புல்லுக்குள்ள கண்டன். இதழில மெழுகு பூசின மினுக்கம். முன்னால போனவை மிதிச்சிட்டுப் போயிட்டினம், எனக்கு மனசு கேக்கேல்ல.

புறக்கோட்டையிலிருந்து:

நீங்கள் இருவரும் எழுதியதைப் படித்த பிறகுதான் அப்பாவின் நாட்டு மருந்துக் கடையை வேறு கண்ணால் பார்த்தேன். கருஞ்சீரகம் நீங்கள் கண்ட பூக்களின் அதே தாவரக் குடும்பம். அதிவிடயமும் அதே குடும்பம்தான், இமயமலை உயரத்தில் வளர்வது. அதன் நெருங்கிய உறவான வசநாபி கொடிய நஞ்சு. அப்பா அதைத் தனிப் போத்தலில் அடைத்து மேல் தட்டில் வைத்திருப்பார், எங்களைத் தொட விடமாட்டார். இன்று அதிவிடய லாச்சியைத் திறந்து ஒரு கிழங்கை உடைத்தேன். வெளியே சாம்பல், உள்ளே மாவுபோல வெள்ளை. இருபது வருடமாக நிறுத்து விற்றிருக்கிறேன், ஒரு நாளும் உடைத்துப் பார்த்ததில்லை. அதன் பூவை இன்னும் கண்டதில்லை. யாராவது கண்டிருந்தால் எழுதுங்கள்.