டீஷெர்ட்: பாலைவனமா, தனிக்குடிலா, பாழியா?

> அயர்லாந்துத் துறவி ஏங்கஸ் பற்றிய கட்டுரையின் மொழிபெயர்ப்பில், துறவிகள் ஒதுங்கி வாழும் இடத்தைக் குறிக்கும் ஐரிஷ் சொல்லான 'டீஷெர்ட்' வருமிடமெல்லாம் 'பாலைவனம்' என்று போட்டிருக்கிறேன். இலத்தீன் 'டெசர்ட்டும்'தானே மூலம்?

மூலம் அதுதான், பொருள் நகர்ந்துவிட்டது. எகிப்துப் பாலைவனத் துறவிகளை முன்மாதிரியாகக் கொண்ட அயர்லாந்துத் துறவிகள், மழை ஓயாத நாட்டில் தாங்கள் ஒதுங்கிய இடத்துக்கும் அந்தப் பெயரையே வைத்துக்கொண்டார்கள். லிமெரிக்கின் குரூம் ஊருக்கருகே உள்ள 'டீஷெர்ட் ஏங்குசா'வைப் பாலைவனம் என்றால் வாசகர் ஒட்டகத்தைத் தேடுவார்.

> சரி, 'தனிக்குடில்'?

ஏங்கஸுக்குப் பொருந்தும். ஆண்டின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு நாலடிப் பாட்டாகப் புனிதர் நாட்காட்டி பாடியவர் அவர். விவிலியத்தின் 150 சங்கீதங்களை மூன்றாகப் பகுத்து, 50 குடிலில், 50 மரத்தடியில், 50 குளிர்நீரில் நின்று ஓதினார் என்பது மரபுக்கதை.

மற்ற இடங்களில் அந்தச் சொல் உடைகிறது. 'டீஷெர்ட் டியர்மடா', இன்றைய காசில்டெர்மட், உருளைக் கோபுரமும் உயர்ந்த கற்சிலுவைகளும் கொண்ட மடமாக வளர்ந்தது. அயர்லாந்தின் புகழ்பெற்ற நற்செய்திக் கையெழுத்துப் படியான கெல்ஸ் நூலின் வெற்றிடங்களில் படியெடுத்த 11ஆம் நூற்றாண்டுக் கொடைக் குறிப்பு ஒன்று இன்னும் சிக்கல்: கெல்ஸ் ஊரிலேயே இருந்த, புனிதர் கொலும்கில்லேயின் பெயரிலான டீஷெர்ட்டைப் பரதேசித் துறவிகளுக்கு விட்டுக்கொடுக்கிறது. ஊரோடு ஒட்டிய, பலருக்கான இடம். 'தனி'யும் நிற்காது, 'குடிலு'ம் நிற்காது.

என் பரிந்துரை 'பாழி'. முனிவர் உறைவிடம் என்ற பொருள் அகராதியிலேயே உண்டு. ஆள் எண்ணிக்கையையோ கட்டட வகையையோ அது கட்டுப்படுத்துவதில்லை. 'டெசர்ட்டும்' கைவிடப்பட்ட நிலம் என்பதால், 'பாழ்' காதில் விழுவதும் ஆதாயமே.

> ஜம்பைக் கல்வெட்டில் அதியமான் நெடுமான் அஞ்சி ஈந்தது 'பாளி'. அந்த வடிவம் பழையதல்லவா? தவிர, பாழி என்றதும் சமணர் கற்படுக்கைதான் நினைவுக்கு வரும்.

'பாளி' என்றெழுதினால் பாளி மொழியோடு குழம்பும், ழகரமே இருக்கட்டும். கற்படுக்கை பற்றிய தடை நியாயமானது. கட்டுரையில் முதல் முறை 'துறவுப்பாழி' என்றும் பிறகு 'பாழி' என்றும் எழுதினால் பெரும்பாலும் தீரும். பொதுவாசகர் 'பாழடைந்த இடம்' என்று படிக்கும் ஆபத்தையும் அந்த முன்னொட்டு குறைக்கும்.

> ஊர்ப்பெயர்களிலும் பாழியா?

கூடாது. அங்கே ஒலிபெயர்ப்புதான். 'டியர்மட் பாழி' என்று எழுதினால் எந்த வரைபடத்திலும் தேடிப் பிடிக்க முடியாது. ஆங்கில எழுத்துக்கூட்டலைப் பார்த்து 'டெசர்ட்' என்று எழுதிவிடவும் வேண்டாம், உணவுக்குப்பின் வரும் இனிப்பாகிவிடும். ஐரிஷில் இகர எகரங்களை ஒட்டிய சகரம் 'ஷ' ஒலி பெறும், எனவே 'டீஷெர்ட்'.