தங்கையின் கணவரிடம் எப்படிப் பேசுவது?

வணக்கம். என் தங்கைக்கு 19 வயது. தலைப்பிரசவம் முடிந்து 24 நாள் ஆகிறது. எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். மாப்பிள்ளை லாரி ஓட்டுகிறார். நல்ல மனிதர், குழந்தை மேல் உயிரையே வைத்திருக்கிறார். ஆனால் குழந்தை அழுதால் போதும், "உனக்குப் பால் பற்றவில்லை" என்கிறார். போன வாரம் பால்பவுடர் டின்னும் புட்டியும் வாங்கி வந்துவிட்டார். அவர் வண்டிச் சத்தம் கேட்டாலே இவள் குழந்தையை மார்பிலிருந்து விலக்கிவிட்டுப் புட்டி கழுவப் போகிறாள். என்னால் பார்க்க முடியவில்லை.

குழந்தை நாளுக்கு ஏழெட்டு முறை சிறுநீர் கழிக்கிறது, எடையும் கூடியிருக்கிறது. பிறகு எப்படிப் பால் பற்றாமல் இருக்கும்? சப்பச் சப்பத்தானே பால் ஊறும். புட்டிக்குப் பழகினால் இருப்பதும் குறைந்துவிடும். முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும் போதும் என்று செவிலியர் சொன்னபோது அவர் சேலத்தில் லோடு இறக்கிக்கொண்டிருந்தார். தங்கைக்கோ அவர் சொல்தான் வேதவாக்கு.

நான் சொன்னால் அக்காக்காரி தலையிடுகிறாள் என்று ஆகிவிடும். குழுவில் இருக்கும் அப்பாக்களே, உங்கள் மனைவி பாலூட்டிய நாட்களில் நீங்கள் என்ன செய்தீர்கள்? நள்ளிரவில் குழந்தையைத் தோளில் போட்டு ஏப்பம் விட வைத்ததைக்கூட எழுதுங்கள். அப்படியே அவரிடம் காட்டுகிறேன். ஞாயிற்றுக்கிழமை வருகிறார்.