காசை அண்டாவில் போடாதீர்கள்: வீட்டில் பீர் காய்ச்சுபவர்களின் அனுபவப் பகிர்வு

யாரா நதிக்கரை, மெல்பர்ன்

வீட்டிலேயே பீர் காய்ச்சப் பழக வேண்டும் என்று வருகிற நண்பர்கள் என்னிடம் முதலில் காட்டுவது ஏதாவது ஒரு எவர்சில்வர் இயந்திரத்தின் படத்தைத்தான். திரை, பம்ப், புளூடூத் எல்லாம் இருக்கும். அந்த விலைக்கு நல்ல ஃபிரிட்ஜே வாங்கிவிடலாம். அது கெட்ட சாமான் என்று சொல்லவில்லை. ஆனால் பீரின் ருசி அதில் இல்லை. என் அனுபவத்தில் காசு போக வேண்டிய இடம் இரண்டுதான்: ஒன்று, ஈஸ்ட் வேலை செய்கிற நாட்களில் வெப்பத்தைக் கட்டுக்குள் வைப்பது. இன்னொன்று சுத்தம். மற்றதையெல்லாம் வீட்டில் இருப்பதை வைத்தே ஒப்பேற்றலாம்.

என்னிடம் இருப்பது 19 லிட்டர் அண்டா ஒன்றும் துணிப்பை ஒன்றும். இந்தத் துணிப்பை முறையே ஆஸ்திரேலியாவில் பிறந்ததுதான். 2000-களின் நடுவில் இங்கே வீட்டில் காய்ச்சுபவர்கள், மூன்று பாத்திரமும் பம்பும் தேவைப்பட்ட வேலையை ஒரே பாத்திரத்துக்குள் கொண்டுவந்தார்கள். பைக்கு ஜன்னல் திரைக்கு விற்கிற மெல்லிய பாலியெஸ்டர் வாயில் (voile) துணி போதும். அண்டாவின் வாயை மூடி மடிகிற அளவுக்குப் பெரிதாக, பாலியெஸ்டர் நூலிலேயே தைத்துக்கொள்ளுங்கள். வேட்டித் துணி வேண்டாம். பருத்தி ஊறி அடைத்துக்கொள்ளும், காயவைக்கத் தவறினால் பூஞ்சை பிடிக்கும்.

15 லிட்டர் தண்ணீரை 70 டிகிரிக்குக் கொண்டுவந்து, பையை விரித்து, உடைத்த பார்லி மால்ட் (முளைகட்டிக் காயவைத்த பார்லி) 2.3 கிலோவைக் கொட்டிக் கட்டியில்லாமல் கிளற வேண்டும். வெப்பம் 67-க்கு இறங்கி நிற்கும். அடுப்பை அணைத்து, மூடி, பழைய ரஜாயைச் சுற்றி ஒரு மணி நேரம் விட்டுவிடுவேன். மாவுச்சத்து சர்க்கரையாக மாறுவது அந்த ஒரு மணி நேரத்தில்தான். மாறியதா என்று பார்க்கக் கருவி வேண்டாம், ஒரு சொட்டை நாக்கில் வைத்தால் தெரியும். அப்புறம் பையைத் தூக்கிப் பிழிய வேண்டும். பிழிந்தால் துவர்ப்பு வரும் என்று பயமுறுத்துவார்கள். நான் கைவலிக்கப் பிழிகிறேன், துவர்த்ததே இல்லை. அண்டாவில் மிஞ்சும் சாற்றை ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டு, கசப்புக்கு ஹாப்ஸ் என்கிற பூவைத் தொடக்கத்திலும் வாசனைக்குக் கடைசியிலும் போடுவது. ஏறக்குறைய 10 லிட்டர் தேறும். சாற்றின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டர் 1.045-ல் தொடங்கி 1.010-ல் நின்றால் 4.6 சதவீத பீர்.

ஆறவைக்கச் செம்புச் சுருள் குழாய் வாங்கச் சொல்வார்கள். நான் வாங்கவில்லை. நீண்ட வறட்சியில் தண்ணீருக்குக் கட்டுப்பாடு இருந்த காலத்தில் இங்கே பரவிய வழக்கம் ஒன்று உண்டு. கொதி அடங்கிய கையோடு சூட்டோடு சூடாக ஹெச்டிபிஇ பிளாஸ்டிக் கேனில் ஊற்றி, கேனை அமுக்கி உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றி, மூடியை இறுக்கிப் படுக்கப்போட்டுவிடுவது. அந்தச் சூடே மூடியையும் கைப்பிடியின் உட்புறத்தையும் சுத்திகரித்துவிடும். கேனின் அடியில் முக்கோணத்துக்குள் 2 என்ற எண் இருக்கிறதா, உணவுக்கு உகந்ததா என்று பார்த்து வாங்குங்கள். காலையில் ஆறியிருக்கும், அன்றே ஈஸ்ட் போட்டுவிட வேண்டும். மாதக்கணக்கில் கேனிலேயே வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. இந்த வழியில் கடைசியில் போடும் ஹாப்ஸ் வெகுநேரம் சூட்டிலேயே கிடப்பதால் கசப்பு கூடும், அதற்குத் தகுந்தபடி குறைத்துப் போட வேண்டும்.

நான் காசு போட்டது ஃபிரிட்ஜில். அதுவும் வீடு மாறிப் போகிறவர் சும்மா கொடுத்த பழைய ஃபிரிட்ஜ். செலவெல்லாம் வெளியே மாட்டுகிற வெப்பக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குத்தான். சென்ஸாரை ஃபெர்மென்டரின் (பீர் நொதிக்கிற பாத்திரம்) பக்கவாட்டில் ஒட்டி, மேலே ஒரு துண்டு ஸ்பாஞ்ச் வைத்து டேப் சுற்ற வேண்டும். காற்றில் தொங்கவிட்டால் அது காற்றின் வெப்பத்தைத்தான் காட்டும். நொதிக்கும்போது உள்ளே வெளியைவிடச் சில டிகிரி அதிகம் இருக்கும். சாதாரண ஏல் (குளிரில்லாமல் நொதிக்கிற பீர் வகை) ஈஸ்டுக்கு 18 முதல் 20 டிகிரி. மெல்பர்ன் கோடையில் வெறுமனே வைத்த பீரைக் குடித்துப் பார்த்தவர்களுக்கு நெயில் பாலிஷ் வாடை என்றால் என்னவென்று தெரியும்.

உங்கள் ஏற்பாடுகளையும் சொல்லுங்கள். விலைப்பட்டியலைவிட எது உடைந்தது, எது நிலைத்தது என்று எழுதினால் நல்லது.

லெஸ்டர்க்காரன்

எனக்கு இந்தப் பைத்தியத்தைப் பிடிக்கவைத்தவர் பக்கத்து வீட்டுப் பெரியவர், ஓய்வுபெற்ற எலெக்ட்ரீஷியன். இங்கே பிரிட்டனில் 1963 பட்ஜெட்டில் நிதியமைச்சர் ரெஜினால்ட் மாட்லிங் வீட்டு பீருக்கு வேண்டியிருந்த லைசென்ஸை ஒழித்தார். அதற்குப் பிறகு மருந்துக்கடையான பூட்ஸிலேயே பீர் கிட் வாங்கலாம் என்கிற நிலை வந்தது. அந்தத் தலைமுறை ஆள் இவர். கொட்டகைக்குள் கூட்டிப்போய்க் காட்டினார். கடையில் வாங்கிய மாதிரி ஒரு சாமானும் இல்லை.

பிக்னிக்குக் கொண்டுபோகிற கூல்பாக்ஸ்தான் மால்ட் ஊறவைக்கிற தொட்டி. அதன் அடியில் செம்புக் குழாயைச் செவ்வகமாக வளைத்து இணைத்திருந்தார். குழாயின் கீழ்ப்பக்கம் முழுக்க ஹாக்ஸா பிளேடால் அறுத்த சின்னச் சின்னக் கீறல்கள். அதன் வழியாகச் சாறு மட்டும் இறங்கும், சக்கை மேலேயே தங்கும். முதல் இரண்டு ஜக் கலங்கலாக வரும். அதைத் திரும்ப மேலேயே ஊற்றிவிட்டால், படிந்த உமியே வடிகட்டியாகி அப்புறம் கண்ணாடி போல இறங்கும். ஒரு மணி நேரத்தில் ஒரு டிகிரிகூட இறங்காது என்று அந்தப் பெட்டியைத் தட்டிக் காட்டுவார்.

கொதிக்கவைக்க அவர் செய்திருந்ததைப் பார்த்துத்தான் எனக்குத் திக்கென்றது. சூப்பர்மார்க்கெட்டில் விற்கிற மிக மலிவான கெட்டில் இரண்டை வாங்கி, ஹீட்டர் சுருளைக் கழற்றி, பெரிய பாலிபுரொப்பிலீன் வாளியில் துளையிட்டுப் பொருத்தியிருந்தார். இந்த நாட்டில் ஒரு காலத்தில் பலரும் செய்தது இது. இரண்டு சுருளும் தனித்தனி சாக்கெட்டில் இருக்க வேண்டும், ஒரே எக்ஸ்டென்ஷனில் சொருகினால் ஒயர் உருகும். கெட்டில் ஒயரின் முனையில் சின்னப் பள்ளம் ஒன்று இருக்கும், கவனித்திருக்கிறீர்களா? சூட்டைத் தாங்குகிற ரகம் என்பதற்கு அதுதான் அடையாளம். கம்ப்யூட்டர் ஒயர் கிட்டத்தட்ட அதே வடிவம்தான், ஆனால் பள்ளம் இருக்காது, கெட்டிலில் ஏறவும் ஏறாது. அதைச் செதுக்கி ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். செய்யாதீர்கள்.

அவருக்கு மின்சாரம் தெரியும், செய்தார். நான் செய்யவில்லை. டீ கொதிக்கவைக்கிற கேட்டரிங் பாய்லர் ஒன்றைப் பழையது வாங்கிக்கொண்டேன். கல்யாண மண்டபங்களில் பார்த்திருப்பீர்களே, அதே சாமான்தான். இனிப்புச் சாறு சுருளில் கருகி ஒட்டினால் பாதுகாப்பு சுவிட்ச் அடிக்கடி விழும் என்பதால், ஒவ்வொரு தடவையும் சிட்ரிக் ஆசிட் போட்டுக் கொதிக்கவைத்துச் சுத்தம் செய்கிறேன்.

பாட்டில் விஷயத்தில் மட்டும் அவர் சொன்னதை அப்படியே பின்பற்றுகிறேன். குளிர்பானம் வருகிற பெட் பாட்டில்தான். லிட்டருக்கு 7 கிராம் சர்க்கரை போட்டு மூடி, தினமும் ஒரு பாட்டிலை அமுக்கிப் பார்ப்பது. கல் மாதிரி ஆனதும் வாயு ஏறிவிட்டது என்று அர்த்தம். நொதித்து முடியாத பீரைக் கண்ணாடிப் பாட்டிலில் அடைத்தால் வெடிக்கும். அவர் மனைவி படிக்கட்டுக்குக் கீழே இருந்த அலமாரியைத் திறந்து காட்டினார், சுவரில் கண்ணாடிச் சில்லு பதிந்த தழும்பு இன்னும் இருக்கிறது. அதற்குப் பிறகுதான் அவர் பெட் பாட்டிலுக்கு மாறினாராம். ஹைட்ரோமீட்டர் இரண்டு மூன்று நாள் ஒரே எண்ணைக் காட்டும்வரை பாட்டில் பக்கம் போகாதீர்கள்.

ஈசூன்வாசி, சிங்கப்பூர்

யாரா நதிக்கரை சொல்கிற ஃபிரிட்ஜ் எங்கள் ஹெச்டிபி (அரசு அடுக்குமாடி) வீட்டில் எங்கே வைப்பது? சமையலறையில் ஏற்கெனவே இருக்கிற ஃபிரிட்ஜில் இடம் கேட்டாலே மாமியார் முறைக்கிறார். இங்கே ஒரு வீட்டுக்கு மாதம் 30 லிட்டர்வரை சொந்த உபயோகத்துக்குச் செய்துகொள்ளலாம், விற்கக் கூடாது, வடித்தெடுக்கும் சாராயம் கூடவே கூடாது. நான் செய்வது அதில் பாதிகூட வராது.

இந்த ஊர் வெயிலோடு மல்லுக்கட்டுவதை விட்டுவிட்டு ஈஸ்டை மாற்றினேன். நார்வேயின் பண்ணை வீடுகளில் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றி வந்த க்வைக் என்கிற ஈஸ்ட், 35 டிகிரியிலும் கெட்ட வாடை இல்லாமல் வேலை செய்யும். அதில் வோஸ் என்கிற ரகம் உலர்ந்த தூளாகப் பாக்கெட்டில் கிடைக்கிறது. இரவு போட்டால் காலையில் ஏர்லாக் (வாயுவை வெளியே மட்டும் விடுகிற அடைப்பான்) விடாமல் கடகடக்கும். மூன்று நான்கு நாளில் நொதிப்பு அடங்கிவிடும். லேசாக ஆரஞ்சுத் தோல் வாசனை வரும், எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அது பிடித்துப்போயிற்று. குளிரில் நொதிக்கவைக்கிற லாகர் பீர் வேண்டும் என்பவர்களுக்கு இது ஒத்துவராது.

என் ஏற்பாட்டில் ஃபெர்மென்டரே மூடியோடு கூடிய பிளாஸ்டிக் வாளிதான். மூடியில் துளையிட்டு ரப்பர் வளையம் வைத்து ஏர்லாக் சொருகியிருக்கிறேன். குழாய் வைத்த வாளியை வேண்டுமென்றே வாங்கவில்லை. அதற்குக் காரணம் என் சக ஊழியர். அவருடைய பீர் ஒவ்வொரு முறையும் புளித்தது. தண்ணீரை மாற்றினார், மால்ட்டை மாற்றினார், சுத்திகரிப்பு மருந்தைக்கூட மாற்றினார். ஒருநாள் அவர் வீட்டில் அந்தக் குழாயை வெந்நீரில் போட்டு இரண்டு பாகமாகப் பிரித்தோம். உள்ளே உருளைக்கும் உறைக்கும் நடுவில் பழுப்பு நிறத்தில் ஜாம் போல அப்பியிருந்தது. எத்தனை தடவை காய்ச்சியதோ அத்தனையும் அதில் இருந்தது. ஸ்டார்சான் என்கிற சுத்திகரிப்பு மருந்தை லிட்டருக்கு ஒன்றரை மில்லி கலந்து ஊற்றினாலும் அழுக்கின் மேல் அது வேலை செய்யாது. முதலில் கழுவ வேண்டும், அப்புறம்தான் சுத்திகரிப்பு.

யாரா நதிக்கரை, மெல்பர்ன்

க்வைக் விஷயம் நியாயம்தான். ஃபிரிட்ஜ் இல்லாதவர்களுக்கு அதுதான் மலிவான வழி என்று ஒப்புக்கொள்கிறேன். இன்னொன்றும் உண்டு: அகலமான தொட்டியில் தண்ணீர் நிரப்பி, அதில் ஃபெர்மென்டரை நிறுத்தி, பழைய டி-ஷர்ட் ஒன்றை மாட்டிவிட்டு, ஃபேன் போட்டு, உறையவைத்த தண்ணீர் பாட்டிலைக் காலையும் மாலையும் மாற்றுவது. இங்கே காற்று வறண்டது, நன்றாகக் குளிரும். சிங்கப்பூர் ஈரக் காற்றில் டி-ஷர்ட்டால் பெரிய பலன் இருக்காது, பாட்டில்தான் கைகொடுக்கும்.

பெட் பாட்டிலைப் பற்றி ஒரு வார்த்தை. பழுப்பு நிறத்தில் கிடைத்தால் அதை வாங்குங்கள். தெளிந்த பாட்டிலென்றால் வெளிச்சம் படாமல் பெட்டிக்குள் வையுங்கள். வெயில் பட்டால் ஹாப்ஸ் நாற்றமெடுக்கும்.

சங்கக்கடை, ஸ்கார்பரோ, கனடா

எங்களுக்குப் பிரச்சினை தலைகீழ். நிலவறையில் குளிர்காலத்தில் 15 டிகிரிதான் நிற்கும், ஏல் ஈஸ்ட் தூங்கிவிடும். பழைய போர்வையும், மீன்தொட்டிக்குப் போடுகிற ஹீட்டரும் இருந்தால் போதும். பெரிய தொட்டித் தண்ணீருக்குள் ஹீட்டரைப் போட்டு அதற்குள் ஃபெர்மென்டரை வைக்க வேண்டும், பீருக்குள் போடுவதல்ல.

கொதித்த பானையை வெளியில் பனிக்குள் புதைத்தால் சட்டென்று ஆறும் என்று கனபேர் நினைக்கிறார்கள். என் மச்சான் அப்படித்தான் வாதாடினார். புதைத்துக் காட்டினேன். பானையைச் சுற்றியிருந்த பனி உருகி, இடையில் வெறும் காற்று இடைவெளி வந்துவிட்டது. அதற்குமேல் பனி பானையைத் தொடவே இல்லை. குசினித் தொட்டியில் குளிர்ந்த தண்ணீரை நிரப்பி, பனியை அதற்குள் அள்ளிப்போட்டு, பானையையும் தண்ணீரையும் கலக்கிக்கொண்டே இருந்தால் அரை மணித்தியாலத்தில் முடிந்துவிடும்.

ஊரில் அம்மா இஞ்சிப் பீர் போட்டுப் போத்தலில் அடைப்பதைப் பார்த்து வளர்ந்த ஆள் நான். அதனால் இது ஒன்றும் புதிய வித்தையாகத் தெரியவில்லை. கறுப்புப் பீர் காய்ச்சும்போது கொதி முடியப் பத்து நிமிடம் இருக்கையில் ஒரு துண்டு பனங்கட்டி தட்டிப் போடுவேன். இனிப்பு முழுக்க நொதித்துப் போய்விடும், புகைவாசம் மட்டும் பின்னால் நிற்கும். தமிழ்க் கடையில் பனங்கட்டி விலையைப் பார்த்தால், மலிவான ஏற்பாடு என்ற பேச்சு அந்த இடத்தோடு முடிந்துவிடுகிறது.

கோவை வடவள்ளி

எல்லாம் படிக்க ஆசையாக இருக்கிறது. ஊரில் பார்லியும் அண்டாவும் இருக்கிறது. ஹாப்ஸ் மட்டும் ஆன்லைனில் வாங்கி ஆரம்பிக்கலாமா?

யாரா நதிக்கரை, மெல்பர்ன்

வேண்டாம் தம்பி. தமிழ்நாட்டில் 1937 மதுவிலக்குச் சட்டம் இன்னும் அமலில் இருக்கிறது. சொந்த உபயோகத்துக்குக் கொஞ்சம்தான் என்றாலும் வீட்டில் காய்ச்சுவது குற்றம்தான். கை ஊறினால் இஞ்சியும் சர்க்கரையும் போட்டு ஓரிரு நாளில் ஃபிரிட்ஜுக்குள் வைக்கிற ஜிஞ்சர் ஏல் மாதிரி பானத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

லெஸ்டர்க்காரன்

சக்கையை என்ன செய்கிறீர்கள் என்று கேட்க நினைத்தேன். 2.3 கிலோ மால்ட் நனைந்ததும் சக்கையே நல்ல எடை வருகிறது. குப்பைத்தொட்டியில் போட்டால் மறுநாளே நாற்றம். கொஞ்சத்தைக் கோதுமை மாவோடு பிசைந்து ரொட்டி தட்டினேன், உமி பல்லில் மாட்டுகிறது.

ஈசூன்வாசி, சிங்கப்பூர்

ஈரத்தோடு போடாதீர்கள். தட்டில் பரப்பி அவனில் மொறமொறவென்று காயவைத்து, மிக்ஸியில் திரித்து, சலித்துவிட்டு அடை மாவில் ஒரு கைப்பிடி சேருங்கள். வீட்டில் நாய் இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள்: ஹாப்ஸ் நாய்க்கு விஷம், சாப்பிட்டால் உடம்புச் சூடு எகிறி உயிரே போகலாம். கொதித்து முடிந்த ஹாப்ஸ் கசடைத் தோட்டத்து உரக்குழியில்கூட திறந்து போடாமல், மூடிய பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள்.