அரண்மனையா இருந்த ஓட்டல்ல அப்பாவோட ஒரு ராத்திரி

பழைய ஓட்டல்கள்ல தங்கின அனுபவத்தை எல்லாரும் எழுதுறதைப் படிச்சதும் எனக்கும் எழுதணும்னு தோணிச்சு.

அப்பா பர்கூர் பக்கத்துல கிரானைட் பட்டறையில முப்பது வருஷத்துக்கு மேல பாலிஷ் வேலை பார்த்தவர். கல்லைத் தேய்ச்சு முகம் தெரியுற அளவுக்குக் கொண்டுவந்து லாரியில ஏத்தி அனுப்பிடுவாரு. அது எந்த ஊர்ல, யார் வீட்டுத் தரையில போய்ப் படுக்குதுன்னு ஒரு தடவைகூட அவர் பார்த்ததில்ல. வேலையை விட்டு நின்னதும் அவரைக் கூட்டிக்கிட்டு மைசூர் லலித மஹால்ல ஒரு ராத்திரி தங்கினேன். வாடகை எங்க வீட்டுக்குப் பெரிய தொகை. ஆறு மாசம் சேர்த்தேன். இன்னொரு தடவை சேர்க்கணும்னாலும் சேர்ப்பேன்.

கிருஷ்ணகிரியில இருந்து பெங்களூர் ஏறக்குறைய 90 கிலோமீட்டர், அங்கிருந்து மைசூர் 145. பஸ்ல போகும்போதே அப்பாவுக்குக் கதை சொல்லிக்கிட்டு வந்தேன். மைசூர் மகாராஜா நால்வடி கிருஷ்ணராஜ உடையார், பிரிட்டிஷ் வைஸ்ராய் வந்தா தங்குறதுக்குன்னே கட்டின மாளிகை. 1921ல அடிக்கல் போட்டாங்க. வரைபடம் ஃப்ரிட்ச்லிங்கிற வெள்ளைக்காரர் போட்டது, நடுக் குவிமாடம் லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தைப் பார்த்து வச்சது. 1974ல ஓட்டலா மாறிச்சு. இதுக்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டினவர், கட்டி முடிச்ச கான்ட்ராக்டர் பெங்களூர் முனிவெங்கடப்பான்னு சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தாரு. "நம்ம பக்கத்து ஆளுடா!"

உள்ள நுழைஞ்சதும் எல்லாரும் மேல குவிமாடத்தைப் பார்ப்பாங்க. அப்பா மாடிப்படிக்குப் போயிட்டாரு. இத்தாலி மார்பிள். ரெண்டாவது படியில உட்கார்ந்து, ஒரு கல்லும் அடுத்த கல்லும் சேர்ற இடத்துல கட்டைவிரல் நகத்தை வச்சு மெதுவா இழுத்தாரு. நகம் எங்கேயும் தட்டல. என் கையைப் பிடிச்சு அதே இடத்துல வச்சாரு. "பாத்தியா? வளைஞ்சு ஏறுற படி இது. ஒவ்வொரு கல்லும் ஒரு பக்கம் அகலம், ஒரு பக்கம் குறுகல். அளவு ஒரு நூல் தப்பினாலும் மேல போகப் போக இடைவெளி காட்டிக் கொடுத்துடும்."

அப்புறம் மார்பிளுக்கும் நம்ம கிரானைட்டுக்கும் என்ன வித்தியாசம்னு அந்தப் படியிலயே உட்கார்ந்து சொன்னாரு. மார்பிள் மெத்துனு இருக்குற கல், இரும்பு ஆணியால கீறினா கோடு விழுந்துடும். எலுமிச்சம்பழச் சாறு சிந்தினாலே அரிச்சு மங்கலாயிடும், ஏன்னா அதோட ஜாதி சுண்ணாம்பு. கிரானைட் அப்படி இல்ல, ஆனா அதைத் தேய்க்க ஆள் சாகணும். வெள்ளை மார்பிள்ல வெளிச்சம் கொஞ்சம் உள்ள இறங்கித் திரும்புமாம். அதனாலதான் கிட்டப் பார்த்தா மேல்தோலுக்கு அடியில விளக்கு எரியுற மாதிரி தெரியுது. முப்பது வருஷம் ஒரே வீட்டுல இருந்தும் அவர் இவ்வளவு பேசி நான் கேட்டதில்ல.

சாப்பாட்டு ஹால் முன்னாடி வெள்ளைக்காரங்க நடனம் ஆடின இடம். சுவரெல்லாம் இளநீலம், அதுமேல வெள்ளையில சுதைவேலை. கூரையில வண்ணக் கண்ணாடிக் குவிமாடங்க. அறைக்கு வந்ததும் அப்பா கதவைத் தட்டிப் பார்த்தாரு, சுவரைத் தட்டிப் பார்த்தாரு, அண்ணாந்து உசரத்தைப் பார்த்தாரு. கட்டில், அலமாரி பத்தி எனக்குச் சொல்ல ஒண்ணும் பெருசா இல்ல. ராத்திரி ரெண்டு மணிக்கு முழிச்சுப் பார்த்தா அவர் கட்டில் காலி. தாழ்வாரத்துல நின்னு எதிர்ல சாமுண்டி மலை விளக்கைப் பார்த்துக்கிட்டு இருந்தாரு.

தருமபுரி நண்பர் எழுதினது:

அண்ணே, உங்க அப்பாவைப் பத்திப் படிச்சதும் எங்க தாத்தா ஞாபகம் வந்துடுச்சு, அவர் கொத்தனார். நான் தங்கினது சென்னையில ஒரு பழைய ஓட்டல், பேர் வேணாம். கூரை மெட்ராஸ் டெரஸ். தேக்கு உத்தரத்துக்கு மேல சின்னச் செங்கல்லைச் செங்குத்தா, கோணவாட்டமா அடுக்கி, சுண்ணாம்பு போட்டு இறுக்கினது. கடுக்காயும் வெல்லமும் ஊறவச்ச தண்ணியை அந்தச் சுண்ணாம்புல கலந்து, பொம்பளைங்க வரிசையா உட்கார்ந்து நாள்கணக்கா கட்டையால தட்டுவாங்கன்னு தாத்தா சொல்வாரு. மே மாசத்துலகூட அடியில படுத்தா வெயில் தெரியாது. ஆனா பாதி அறைகள்ல ஏசிக்காக ஜிப்சம் போர்டு அடிச்சு அதை மூடிட்டாங்க. கேட்டதுக்கு "மேல பார்க்க யாரு சார் வர்றாங்க"ன்னாங்க. எனக்கு மனசே ஆறல. மூடாத அறை ஒண்ணு இருந்துச்சு, சின்னது, பின்பக்கம். அதையே வாங்கிக்கிட்டேன்.

ஊத்தங்கரை நண்பர் கேட்டது: லலித மஹால்ல தங்க வசதி இல்ல. சாப்பிட மட்டும் போகலாமா சார்?

என் பதில்: போறதுக்கு முன்னாடி போன் பண்ணிக் கேட்டுக்கோங்க தம்பி. மதியச் சாப்பாட்டு நேரம்தான் நல்லது, வெயில் அப்பதான் அந்தக் கண்ணாடிங்க மேல நல்லா விழும். குவிமாடத்துக்கு நேர் கீழ இருக்குற மேஜையாக் கேளுங்க. திரும்பும்போது மாடிப்படியில, அந்தக் கல் சேர்ற இடத்துல நகத்தை வச்சுப் பாருங்க.