நர்சிங் முதல் பிளேஸ்மென்ட் ஜூலைல, ஊசி பேப்பர் வேலைய எதுல இருந்து ஆரம்பிக்கறது? (சிட்னி)

தென்காசி_பொண்ணு:

எல்லாருக்கும் வணக்கம். சிட்னில பேச்சுலர் ஆஃப் நர்சிங் முதல் வருஷம், ஊர்ல இருந்து வந்து கொஞ்ச நாள் தான் ஆகுது. ஜூலைல முதல் பிளேஸ்மென்ட் (ஆஸ்பத்திரில பயிற்சி), என்எஸ்டபிள்யூ ஹெல்த்னு சொல்ற மாநில அரசு ஆஸ்பத்திரில. அதுக்கு முன்னாடி கிளின்கனெக்ட்ங்கற பிளேஸ்மென்ட் வெப்சைட்ல வெரிஃபைட்னு வந்தா தான் வார்டுக்குள்ள விடுவாங்கன்னு யூனில சொல்லிட்டாங்க. லிஸ்ட் பாத்தாலே தலை சுத்துது, தடுப்பூசி கார்டு, ரத்த டெஸ்ட், டிபி ஃபார்ம், போலீஸ் செக், கோட் ஆஃப் காண்டக்ட், சிபிஆர், கை சுத்தம் பத்தின ஆன்லைன் மாட்யூல்னு போயிட்டே இருக்கு.

எங்கிட்ட இருக்கறது என்னன்னா, அம்மா பத்திரமா வச்சிருந்த மஞ்ச அட்டை. அதுல சின்ன வயசுல பிரைவேட் டாக்டர்கிட்ட போட்ட ஹெபடைட்டிஸ் பி மூணு டோஸும் தேதியோட இருக்கு. 9 மாசத்துல தட்டம்மை ஊசி. அப்புறம் 2017-ல ஸ்கூல்ல எல்லாருக்கும் வரிசைல நிக்க வச்சு போட்ட எம்ஆர் ஊசி. சின்னம்மை எனக்கு மூணாங்கிளாஸ்ல வந்துச்சு, வீட்ல வேப்பிலை கட்டி தலைக்கு தண்ணி ஊத்தினது நல்லா ஞாபகம் இருக்கு, ஆனா டாக்டர்கிட்ட போகவே இல்ல அதனால எந்த சீட்டும் கிடையாது.

போன வாரம் ஜிபி (கிளினிக் டாக்டர்) ஹெப் பி-க்கு ரத்தம் எடுத்து பாத்தாங்க, எதிர்ப்பு சக்தி அளவு 4-ன்னு வந்திருக்கு, 10 இருக்கணுமாம். கிளினிக்ல 0, 1, 6 மாசம்னு மூணு ஊசியும் முதல்ல இருந்து போடணும்னு சொல்றாங்க. கணக்கு போட்டா அதுவே ஜூலைய தாண்டிடுது!! பிளேஸ்மென்ட் போச்சான்னு ரெண்டு நாளா தூக்கம் இல்ல. யாராவது இத கடந்து வந்தவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

---

வென்டி_அக்கா:

தங்கம் முதல்ல நிம்மதியா தூங்கு, பிளேஸ்மென்ட் எங்கயும் போகல. நான் இங்கயே படிச்சு இப்ப வார்டுல ஆர்என்-ஆ (ரெஜிஸ்டர்ட் நர்ஸ்) இருக்கேன், வருஷா வருஷம் நம்ம ஊரு பிள்ளைங்க இதே பயத்தோட வந்து கேக்கறாங்க.

ஒண்ணு மட்டும் மனசுல வச்சுக்கோ, லிஸ்ட்ல எழுதியிருக்கற வரிசைல வேலைய பாக்காத. சில விஷயத்துக்கு பணம் குடுத்தா ஒரே நாள்ல முடிஞ்சிடும், சிபிஆர் சனிக்கிழமை கிளாஸ் போனா சாயங்காலம் சர்டிபிகேட், ஆன்லைன் மாட்யூல் ஒரு மத்தியானம். ஆனா ஊசிக்கும் ஊசிக்கும் நடுவுல உடம்புக்கு வேணுங்கற நாள யாராலயும் குறைக்க முடியாது. அதனால எதுக்கு காத்திருக்கணுமோ அத இன்னைக்கே தொடங்கிடு, மத்தத காத்திருக்கற நாள்ல பாத்துக்கலாம்.

இப்ப ஹெப் பி. உன்னோட அட்டைல சின்ன வயசு மூணு டோஸும் தேதியோட இருக்குன்னா அது ரொம்ப பெரிய விஷயம். குழந்தைல போட்டவங்களுக்கு வளர்ந்தப்புறம் அளவு 10-க்கு கீழ இறங்கறது சாதாரணம், எதிர்ப்பு சக்தியே போயிடுச்சுன்னு அர்த்தம் இல்ல, உடம்பு மறக்காம தான் வச்சிருக்கும். ஆஸ்திரேலியன் இம்யூனைசேஷன் ஹேண்ட்புக் படி, இப்படி இருக்கறவங்களுக்கு பூஸ்டர் ஒண்ணு போட்டு 4-ல இருந்து 8 வாரத்துக்குள்ள மறுபடி ரத்தம் பாக்கலாம், நெறைய பேருக்கு அந்த ஒரு ஊசிலயே 10-ஐ தாண்டிடும். அப்பவும் ஏறலன்னா மாசம் ஒண்ணா இன்னும் ரெண்டு, அப்புறம் மறுபடி டெஸ்ட். ஜிபிகிட்ட அட்டைய கைல குடுத்து பூஸ்டர் பத்தி கேளு, ஒருவேளை ரிசப்ஷன்ல அட்டையவே பாக்காம பொதுவா சொல்லியிருப்பாங்க.

அப்படியே முழு கோர்ஸும் போட வேண்டி வந்தாலும் டெம்பரரி கம்ப்ளையன்ஸ்னு ஒரு வழி இருக்கு. மத்த எல்லாம் சரியா இருந்து, ஹெப் பி முதல் டோஸாவது போட்டு, மீதிய 6 மாசத்துக்குள்ள முடிக்கறேன்னு கையெழுத்து போட்டா பிளேஸ்மென்ட் போக விடுவாங்க. யாராவது சீக்கிரம் முடியும்னு 0, 7, 21 நாள்னு போடற வேகமான கோர்ஸ் சொன்னா வேண்டாம்னுடு, என்எஸ்டபிள்யூ ஹெல்த் அத ஏத்துக்கறது இல்ல, காசும் போய் நாளும் போயிடும்.

---

கோவை_ப்ராக்டிஸ்நர்ஸ்:

அக்கா சொன்னது ரொம்ப சரி. நான் ஜிபி கிளினிக்ல ஊசி போடற நர்ஸ், அந்த பக்கத்துல இருந்து கொஞ்சம் சொல்றேன்.

ஸ்கூல்ல போட்ட எம்ஆர்-ஐ நம்பி எம்எம்ஆர் (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூணுக்கும் சேத்து போடற ஊசி) முடிஞ்சதுன்னு நெனைக்காதீங்க. 2017 பிப்ரவரில தமிழ்நாட்டுல போட்டது தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் மட்டும் தான், பொன்னுக்கு வீங்கிக்கு அதுல மருந்து கிடையாது. இங்க கேக்கறது மூணும். ஒண்ணு எம்எம்ஆர் ரெண்டு டோஸ், குறைஞ்சது ஒரு மாச இடைவெளில, இல்லன்னா மூணுக்கும் ஐஜிஜி (ரத்தத்துல எதிர்ப்பு சக்தி) பாசிட்டிவ்னு ரத்த ரிப்போர்ட். என்னைய கேட்டா ரத்தம் பாத்துட்டு ஒண்ணு நெகட்டிவ்னு வந்து அப்புறம் ஊசின்னு அலையறத விட நேரா ரெண்டு டோஸ் போட்டுடறது நல்லது, ஏற்கனவே எதிர்ப்பு சக்தி இருந்தாலும் கூடுதலா போட்டதால கெடுதல் இல்ல.

அம்மை வந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம், ஆனா கார்டுல காட்ட வாரிசெல்லா (சின்னம்மை) ஐஜிஜி டெஸ்ட் தான் சுலபம். பாசிட்டிவ் வந்துட்டா அந்த ஊசியே வேண்டாம். நெகட்டிவ்னா உங்க வயசுக்கு ரெண்டு டோஸ், அதுக்கும் நடுவுல ஒரு மாசம்.

கக்குவான் இருமல். ஊர்ல 10 வயசு, 16 வயசுல போடற டிடி ஊசில டெட்டனஸ், டிப்தீரியா மட்டும் தான் இருக்கும், பெர்டூசிஸ் இருக்காது. இங்க பெரியவங்களுக்கான டிடிபிஏ (இதுல பெர்டூசிஸும் சேந்திருக்கும்) ஒரு டோஸ், கடந்த 10 வருஷத்துக்குள்ள போட்டிருக்கணும். பூஸ்ட்ரிக்ஸ், அடாசெல் அப்படிங்கற பேர்ல வரும், ஒரே ஊசி, அன்னைக்கே முடிஞ்சது.

இப்ப முக்கியமானது, டிபி டெஸ்ட் எப்ப எடுக்கறீங்கன்னு பாத்துக்கோங்க. இந்தியால பிறந்தவங்க கட்டாயம் ஸ்கிரீனிங் பண்ணணும், குவான்டிஃபெரான் ரத்த டெஸ்ட் இல்லன்னா மாண்டூ தோல் டெஸ்ட். எம்எம்ஆர், சின்னம்மை ஊசி ரெண்டுமே உயிருள்ள கிருமிய பலவீனப்படுத்தி செய்யறது, அத போட்டுட்டா டிபி டெஸ்ட் ரிசல்ட்ட மறைக்க வாய்ப்பு இருக்கறதால 4 வாரம் தள்ளி தான் எடுக்கணும். அதனால டிபிக்கு ரத்தம் முதல்ல குடுங்க, இல்லன்னா ஊசி போடற அதே நாள்ல குடுங்க. எம்எம்ஆரும் சின்னம்மையும் ரெண்டும் தேவைப்பட்டா ஒரே நாள்ல போடலாம், வேற வேற நாள்னா அதுக்கும் 4 வார இடைவெளி வேணும். இந்த ஒரு விஷயம் தெரியாம மாசக்கணக்குல தள்ளிப்போன பிள்ளைங்கள பாத்திருக்கேன், மனசு கஷ்டமா இருக்கும்.

அப்புறம் கார்டு. ஒவ்வொரு ஊசிக்கும் தேதி, பேட்ச் நம்பர், போட்டவங்க பேரு கையெழுத்து, கிளினிக் சீல் நாலும் இருக்கணும். கிளினிக்க விட்டு கிளம்பறதுக்கு முன்னாடியே ஒரு தடவ சரி பாத்துடுங்க, நர்ஸ் பிஸியா இருந்தா என்னன்னு கூச்சப்படாம கேளுங்க. ரத்த ரிப்போர்ட் லேப் குடுத்த முழு பேப்பரா இருக்கணும், ஹெப் பி-க்கு எண்ணே வேணும். பழைய மஞ்ச அட்டைல உள்ளத ஜிபி ஏஐஆர்ல (அரசாங்க தடுப்பூசி பதிவேடு) ஏத்தி விடுவாங்க, மெடிகேர் (அரசு மருத்துவ காப்பீடு) இல்லாத ஸ்டூடண்ட்டும் மைகவ்ங்கற அரசு வெப்சைட் வழியா ஐஎச்ஐ நம்பர் (தனி ஹெல்த் அடையாள எண்) எடுத்து தன்னோட ஊசி பதிவ பாத்துக்கலாம்.

---

யாழ்_பிசியோ:

நான் பிசியோ மூண்டாம் வருசம், யாழ்ப்பாணத்தில இருந்து வந்தனான். ஊசி விசயம் எல்லாம் மேல சொல்லியாச்சு, நான் போலீஸ் பேப்பர் பற்றி மட்டும் சொல்லுறன், எங்கட ஆக்கள் கூடுதலா இழுபடுறது அதிலதான்.

இன்டர்நேஷனல் ஸ்டூடண்ட் எண்டால் இங்க எடுக்கிற நேஷனல் போலீஸ் செக் மட்டும் காணாது. 16 வயசுக்குப் பிறகு எந்த நாட்டில குடியுரிமையோ நிரந்தர வதிவிடமோ இருந்ததோ அந்த நாட்டுப் போலீஸ் சான்றிதழும் வேணும், இங்கிலீஷில இல்லையெண்டால் மொழிபெயர்ப்போட. வாங்கவே ஏலாத நிலைமை எண்டால் ஸ்டாட்யூட்டரி டிக்ளரேஷன் (சட்டப்படியான உறுதிமொழி) குடுக்க வழி இருக்கு. தங்கச்சி, நீங்கள் விசாவுக்கு எடுத்த பிசிசி (போலீஸ் சான்றிதழ்) கையில இருந்தால் அதை முதல்ல யூனி பிளேஸ்மென்ட் ஒஃபிஸில காட்டிக் கேளுங்கோ, புதுசா எடுக்க வேணுமெண்டால் நாள் எடுக்கும்.

பெயர் விசயத்தில கவனம். எங்கட பாஸ்போர்ட்டில அப்பான்ர பெயர் முன்னுக்கு நிக்கும், உங்கட ஊரில இனிஷியல விரிச்சு எழுதினது இல்லாட்டி ஒரே ஒரு பெயர் மட்டும் இருக்கும், யூனி சிஸ்டத்தில ஒரு மாதிரி, ஜிபி கிளினிக்கில இன்னொரு மாதிரி ஏறிப்போடும். லேப் ரிப்போர்ட்டில ஒரு பெயர், போலீஸ் செக்கில வேற பெயர் எண்டால் சரிபாக்கிறவைக்கு இது ஒரே ஆள்தானா எண்டு சந்தேகம் வரும், அவையில பிழை சொல்ல ஏலாது. பாஸ்போர்ட்டில இருக்கிற மாதிரியே எல்லா இடத்திலயும் குடுங்கோ, கிளினிக்கில பதிஞ்ச பெயரை முதல் நாளே கேட்டுத் திருத்துங்கோ.

ஓ ஒண்டு, ஆஹ்ப்ரா (நர்ஸ், பிசியோ ஆக்களைப் பதியிற அமைப்பு) ஸ்டூடண்ட் ரெஜிஸ்ட்ரேஷனுக்கு நீங்கள் ஒண்டும் செய்யத் தேவையில்லை, காசும் இல்லை, யூனியே அனுப்பும்.

---

தென்காசி_பொண்ணு:

அக்கா, அண்ணா, எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி. இன்னைக்கு ஜிபிகிட்ட அட்டைய காட்டினேன், பூஸ்டர் போட்டுட்டாங்க, 4 வாரம் கழிச்சு ரத்தம் பாக்க சீட்டும் குடுத்துட்டாங்க. எம்எம்ஆர் இன்னும் போடல, முதல்ல டிபி ரத்தம்னு சொல்லிட்டேன்.

ஆனா டிபி ஃபார்ம்ல ஒரு கேள்வி இருக்கு, டிபி இருந்தவங்களோட நெருங்கி இருந்திருக்கீங்களான்னு. நான் சின்ன பிள்ளையா இருக்கும்போது மாமாவுக்கு டிபி இருந்துச்சு, எங்க வீட்லயே தான் இருந்தாங்க, மாத்திரை சாப்ட்டு குணமாகிட்டாங்க. அத எழுதலாமா? எழுதினா படிப்பையே நிறுத்திடுவாங்களோன்னு அம்மா போன்ல அழறாங்க, விசாவுக்கு பிரச்சனை வருமான்னு அப்பா கேக்கறாங்க. இடது கைல பிசிஜி (டிபி தடுப்பூசி) தழும்பு இருக்கு, அதனால டெஸ்ட் தப்பா பாசிட்டிவ் வருமா?

---

வென்டி_அக்கா:

கண்டிப்பா எழுது தங்கம். உண்மைய அப்படியே எழுது, மாமா எந்த வருஷம், எவ்வளவு நாள் கூட இருந்தீங்க, மருந்து முழுசா முடிச்சாங்களான்னு தெரிஞ்ச வரைக்கும்.

அம்மாகிட்ட இப்படி சொல்லு. டெஸ்ட் பாசிட்டிவ் வந்தா அது டிபி நோய்னு அர்த்தம் இல்ல. கிருமி எப்பவோ உள்ள வந்து தூங்கிட்டு இருக்கலாம், அத லேட்டன்ட் டிபின்னு சொல்வாங்க, அந்த நிலைல யாருக்கும் பரவாது. நம்ம ஊர்ல வளர்ந்த எத்தனையோ பேருக்கு இது இருக்கு. பாசிட்டிவ்னா நெஞ்சு எக்ஸ்ரே எடுத்து செஸ்ட் கிளினிக்ல பாப்பாங்க, இருமல், காய்ச்சல், எடை குறையறது எல்லாம் கேப்பாங்க, தடுப்பு மாத்திரை வேணுமான்னு உன்கிட்ட பேசி முடிவு பண்ணுவாங்க. எக்ஸ்ரே சுத்தமா இருந்து அறிகுறியும் இல்லன்னா படிப்ப நிறுத்தற பேச்சே வராது. என்எஸ்டபிள்யூ செஸ்ட் கிளினிக்ல டிபி சிகிச்சை எல்லாருக்கும் இலவசமா வச்சிருக்காங்க, மெடிகேர் இல்லாட்டியும்.

பிசிஜி தழும்பு மாண்டூ தோல் டெஸ்ட்ட குழப்பலாம், குவான்டிஃபெரான் ரத்த டெஸ்ட்ட பாதிக்காது. அதனால உனக்கு ரத்த டெஸ்ட் தான் நல்லது, ஜிபிகிட்ட சொல்லி கேளு.

இத ஏன் இவ்வளவு அழுத்தி சொல்றேன்னா, நீ போகப்போற வார்டுல கீமோ எடுக்கறவங்க, கிட்னி மாத்தினவங்க இருப்பாங்க, அவங்களுக்கு ஒரு சாதாரண இருமலே உயிருக்கு ஆபத்து. உனக்கும் தான், ஊசி குத்தற விபத்து முதல் வருஷ ஸ்டூடண்ட்டுக்கும் நடக்கும், அன்னைக்கு ஹெப் பி அளவு 10-க்கு மேலன்னு பேப்பர் இருந்தா ஹெப் பி பயமாவது இல்லாம வீட்டுக்கு போவ.

---

மெல்லிசை_நிலா:

நடுவுல வர்றேன் மன்னிக்கணும். நான் மிட்வைஃபரி படிக்கறேன், இப்ப 3 மாசம் முழுகாம இருக்கேன், எனக்கு எம்எம்ஆர் ரெண்டாவது டோஸ் பாக்கி, என்ன பண்றது?

---

கோவை_ப்ராக்டிஸ்நர்ஸ்:

வாழ்த்துக்கள்மா! எம்எம்ஆரும் சின்னம்மை ஊசியும் கர்ப்பத்துல போட மாட்டோம், குழந்தை பிறந்தப்புறம் தான். முதல்ல ஐஜிஜி பாருங்க, ஒரு டோஸ்லயே மூணும் பாசிட்டிவ் வந்திருக்கலாம், வந்துட்டா ரெண்டாவது ஊசியே வேண்டாம். வரலன்னா டாக்டர் லெட்டரோட யூனி கோர்டினேட்டர்கிட்ட இந்த வாரமே பேசுங்க, எந்த வார்டுக்கு அனுப்பலாம்னு அவங்க பாக்கணும், நீங்க மறைச்சு வச்சா உங்களுக்கும் குழந்தைக்கும் தான் ரிஸ்க். டிடிபிஏ மட்டும் கர்ப்பத்துலயே போடறது, 20-ல இருந்து 32 வாரத்துக்குள்ள. ஃப்ளூ ஊசி எப்ப வேணா போடலாம்.

தென்காசி பொண்ணு, உங்களுக்கும் ஃப்ளூ ஊசி குளிர்காலத்துக்கு முன்னாடி வேணும், ஜூலை பிளேஸ்மென்ட்னா அந்த வருஷத்து ஊசியா இருக்கணும், ஏப்ரல் வாக்குல வரும், பக்கத்து பார்மசிலயே போட்டுக்கலாம், ஆனா கார்ட கையோட எடுத்துட்டு போங்க.