கைவேலை செய்தாலும் "இது எந்தப் பாடம்?" என்று கேட்கும் பிள்ளைகளோடு விடுமுறையைக் கழிப்பது எப்படி?

மூவர்_அம்மா எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். வீட்டிலேயே பிள்ளைகளுக்குச் சொல்லித்தர ஆரம்பித்து எங்களுக்கு இது மூன்றாவது வருடம். பெரியவளுக்கு 11, அடுத்தவனுக்கு 8, கடைக்குட்டிக்கு 4 வயது. வழக்கமான நாட்கள் ஓரளவு பிடிபட்டுவிட்டன. விடுமுறைதான் இன்னும் பிடிபடவில்லை. பள்ளிக்குப் போகிற பிள்ளைகளுக்குப் பள்ளியைப் பூட்டிவிட்டால் விடுமுறை. எங்கள் வீட்டில் பாடம் நடப்பதும் சாப்பிடுவதும் ஒரே மேஜையில். எதைப் பூட்டுவது?

போன விடுமுறைக்கு ரொம்ப ஆசையாகத் திட்டம் போட்டேன். 14 நாள், 14 கைவேலை. ஒவ்வொன்றுக்கும் வேண்டிய பொருட்களைத் தனித்தனி உறையில் போட்டு, தேதி எழுதி, சுவரில் வரிசையாக மாட்டிவைத்தேன். முதல் இரண்டு நாள் ஒரே குதூகலம். நான்காம் நாள் பெரியவள் ஒரு காகித விளக்கைப் பத்தே நிமிடத்தில் ஒட்டி முடித்தாள். முடித்ததும் அதை மேஜைமேல் என் பக்கமாகத் தள்ளிவைத்தாள். கணக்கு நோட்டைத் திருத்தக் கொடுக்கும்போது எப்படித் தள்ளுவாளோ, அப்படியே. "சரியா இருக்காம்மா? அடுத்தது என்ன?" என்றாள். அன்றைக்கு முழுக்க எனக்கு மனசே சரியில்லை. மீதிப் பத்து உறைகளையும் இரவே கழற்றிவிட்டேன்.

அடுத்தவனுக்குக் கத்தரிக்கோல் என்றாலே ஆகாது. இடக்கைப் பழக்கம். தாள் வெட்டுப்படாமல் அலகுகளுக்கு நடுவே மடங்கிக்கொள்கிறது, கோபத்தில் கிழித்துப் போட்டுவிடுகிறான். சின்னவள் எதைக் கொடுத்தாலும் முதலில் வாயில் வைத்துப் பார்ப்பாள்.

இன்னும் மூன்று வாரத்தில் அடுத்த விடுமுறை. மூன்று பேரும் சேர்ந்து உட்கார்ந்து செய்கிற மாதிரி, ஆனால் பாடத்தின் வாடையே இல்லாத மாதிரி என்ன செய்யலாம்? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.


இடக்கைக்காரன் எழுதியது:

மற்றதையெல்லாம் அனுபவசாலிகள் சொல்வார்கள். உங்கள் மகனைப் பற்றி மட்டும் நான் சொல்லியே ஆக வேண்டும். சின்ன வயதில் நானும் அவனைப் போலவே தாளைக் கிழித்தவன்.

தப்பு அவன்மேல் இல்லை, கத்தரிக்கோல்மேல். சாதாரணக் கத்தரிக்கோலை வலக்கையில் பிடிக்கும்போது விரல்கள் கொடுக்கும் அழுத்தம் இரண்டு அலகுகளையும் ஒன்றோடொன்று நெருக்கும். அதையே இடக்கையில் பிடித்தால் அந்த அழுத்தம் அலகுகளை விலக்கிவிடும். அந்த இடைவெளியில்தான் தாள் மடங்குகிறது. போதாததற்கு, வெட்ட வேண்டிய கோட்டை மேல் அலகு மறைத்துக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாத கோட்டில் யாரால் நேராக வெட்ட முடியும்?

இடக்கைக் கத்தரிக்கோல் ஒன்று வாங்கிக் கொடுங்கள். இரண்டு கைக்கும் ஆகும் என்று விற்பதில் பெரும்பாலும் பிடியை மட்டும்தான் மாற்றியிருப்பார்கள், அலகு பழையபடியே இருக்கும். வெட்டப்போகிற மாதிரி பிடித்துப் பாருங்கள். மேல் அலகு இடப்பக்கம் இருந்தால்தான் அது அவனுடையது. இன்னொன்று: வட்டம் வெட்டும்போது நீங்கள் வலக்கைக்காரராக இருந்தால் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் வெட்டுவீர்கள். அவன் முள் போகிற திசையில் வெட்ட வேண்டும். உங்களைப் பார்த்து அப்படியே செய்தால் அவன் மணிக்கட்டு முறுக்கிக்கொள்ளும். தயவுசெய்து அவனுக்கு இதைச் சொல்லுங்கள். எனக்கு இதைச் சொல்ல ஆள் இல்லாமல், கைவேலையே வராது என்று நினைத்துக்கொண்டு பல வருடம் ஓட்டிவிட்டேன்.


நூலும்_ஊசியும் எழுதியது:

தங்கச்சி, அவள் தள்ளிவைத்தாள் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்திலேயே நின்றுவிட்டேன். எங்கள் வீட்டிலும் இதே நடந்தது. என் பிள்ளைகள் இருவரும் வீட்டில் படித்தவர்கள்தான், இப்போது 19, 15.

நான் கண்டுகொண்டது இது. உறைகளில் தேதி போட்டது நீங்கள். பொருளை எடுத்துவைத்தது நீங்கள். முடிந்தால் எப்படி இருக்க வேண்டும் என்று தெரிந்தவரும் நீங்கள். அப்புறம் அந்த விளக்கு யாருடையது? உங்களுடையதை உங்களிடமே திருப்பிக் கொடுத்தாள். அதனால் நாளுக்கு ஒன்று என்பதை விட்டுவிடுங்கள். விடுமுறை முழுவதற்கும் ஒரே ஒரு பெரிய வேலை போதும். அதுவும் முடிந்ததும் அலமாரியில் தூசு படியாமல், வீட்டில் எல்லோரும் எடுத்துப் பார்க்கிற ஒன்றாக இருக்கட்டும். அப்புறம், அதில் நீங்களும் உங்களுக்கென்று ஒன்றைச் செய்யுங்கள். பக்கத்தில் நின்று மேற்பார்வை பார்க்காதீர்கள்.

நாங்கள் செய்தது விடுமுறைப் புத்தகம். ஆளுக்கு ஒன்று, தைத்து எடுத்தது. ஏ4 தாள் எட்டை ஒன்றாக அடுக்கிப் பாதியாக மடித்தால் 32 பக்கம். வெளியே கொஞ்சம் தடித்த தாள் ஒன்று அட்டையாக. தாளுக்கும் மரத்தைப் போல இழையோட்டம் உண்டு. அட்டைத் தாளை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் லேசாக வளைத்துப் பாருங்கள், எந்தப் பக்கம் எதிர்க்காமல் வளைகிறதோ அந்தப் போக்கில் மடித்தால் மடிப்பு வெடிக்காது. முதல் வருடம் இது தெரியாமல் என் பெரியவனின் அட்டை மடிப்பில் நார் நாராகப் பிரிந்துவிட்டது. அவன் அழுத அழுகை இன்னும் நினைவிருக்கிறது.

மடிப்பின் நீளம் 21 செ.மீ. இருக்கும். நடுவில் ஒரு துளை, இரண்டு ஓரங்களிலிருந்தும் 4 செ.மீ. தள்ளி ஒவ்வொரு துளை. தாள்களை விரித்து ஒரு பழைய தடிமனான புத்தகத்தின் நடுப்பள்ளத்தில் வைத்துக் குத்தினால் ஊசி வழுக்காது. நூல் 60 செ.மீ. போதும், மெழுகுவர்த்தியில் இரண்டு முறை இழுத்துக்கொண்டால் சிக்கு விழாது. உள்ளிருந்து நடுத்துளை வழியாக ஊசியை வெளியே விடுங்கள், ஒரு விரல் நீளம் வாலை உள்ளே விட்டுவைத்து. வெளியிலிருந்து மேல்துளை வழியாக உள்ளே. இப்போது நடுத்துளையைத் தாண்டி நேராகக் கீழ்த்துளைக்குப் போய் வெளியே. கடைசியாக மறுபடி நடுத்துளை வழியாக உள்ளே. உள்பக்கம் ஒரு நீளமான தையல் ஓடும், அதற்கு இந்தப் பக்கம் ஒரு வால், அந்தப் பக்கம் ஒரு வால். இரண்டையும் அந்தத் தையலுக்கு மேலாக முடிச்சிட்டால் புத்தகம் தயார். கடைசியில் நூலை இழுக்கும்போது தளர்ந்து கிடந்த தாள்களெல்லாம் ஒரே உடம்பாக இறுகும் பாருங்கள், அந்த நேரத்தில் பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டும். இழுக்கும்போது மடிப்பின் போக்கிலேயே இழுக்கச் சொல்லுங்கள். மேல்நோக்கி இழுத்தால் துளை கிழியும்.

உள்ளே என்ன வைப்பது என்பது அவரவர் இஷ்டம். என் சின்னவள் ஒரு வருடம் காகிதப் பனிப்படிகங்களை மட்டுமே வெட்டி ஒட்டினாள். மெல்லிய சதுரத் தாளை மூலைக்கு மூலை மடித்து, அந்த முக்கோணத்தை இன்னொரு முறை பாதியாக்கி, அப்புறம் மூன்று சம பாகமாக மடித்து ஓரங்களைக் கொத்தி வெட்ட வேண்டும். மூன்றாக மடிக்கச் சோம்பல்பட்டு இன்னொரு முறை பாதியாக மடித்தால் நான்கு முனையோ எட்டு முனையோ வந்துவிடும். உண்மையான பனிப்படிகம் ஆறு முனை. அவள் அதை ஒரு படத்தில் பார்த்துவிட்டு, தான் வெட்டிய எட்டு முனைகளையெல்லாம் புத்தகத்திலிருந்து உரித்தெடுத்துவிட்டு மறுபடி ஆரம்பித்தாள். வில்சன் பென்ட்லி என்ற விவசாயி 1885ல் நுண்ணோக்கியோடு கேமராவைப் பொருத்தி ஒற்றைப் பனிப்படிகத்தைப் படமெடுத்தார், வாழ்நாளில் 5000க்கும் மேல் எடுத்தார். அதைக் கேட்டதும் இவள் தன்னுடையதுக்கும் எண் போட ஆரம்பித்தாள். 61 வரை போனது. நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

உங்கள் சின்னவளுக்கு, உருவம் பிடித்து விளையாட உப்பு மாவு கொடுக்கலாம். மாவு இரண்டு கப், தூள் உப்பு ஒரு கப், தண்ணீர் ஒரு கப்புக்குச் சற்றுக் குறைவாக, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிப் பிசைய வேண்டும். அரை செ.மீ. கனத்துக்கு மேல் போனால் காயும்போது வெடிக்கும்.


கோலிகுண்டு_அப்பா எழுதியது:

அக்கா சொன்ன புத்தகம் அருமை. எட்டு வயதுக்காரனை மட்டும் மேஜையில் ரொம்ப நேரம் கட்டிப்போட வேண்டாம் என்பது என் கருத்து. அட்டைக் குழல்களை நீளவாக்கில் இரண்டாக வெட்டி, ஒரு பெரிய அட்டைப் பெட்டியின் பக்கவாட்டில் சரிவுசரிவாக ஒட்டி, மேலிருந்து கோலியை விடும் விளையாட்டு எங்கள் வீட்டில் ஒன்பது நாள் ஓடியது. சுவரில் ஒட்டாதீர்கள், டேப்பை உரிக்கும்போது சுண்ணாம்பும் பெயர்ந்து வரும். எங்கள் பையன்கள் கோலி எவ்வளவு வேகமாகப் போகிறது என்று பார்க்கவில்லை. எவ்வளவு மெதுவாக இறங்க வைக்கலாம் என்று போட்டி போட்டார்கள். ஒரு கோலி கீழே வந்துசேர 23 விநாடி எடுத்துக்கொண்டது அவர்களுடைய சாதனை.

ஒரு விஷயத்தில் மட்டும் அக்காவோடு உடன்பட முடியவில்லை. பாட வாடையே கூடாது என்று நாம் பயந்து பயந்து வாயை மூடிக்கொண்டால் அதுவும் பிள்ளைக்குத் தெரிந்துவிடும். என் மகளுக்கு ஒரு காகிதப் பட்டையை அரை முறுக்கு முறுக்கி ஒட்டிக் கொடுத்தேன். நடுவோடு வெட்டச் சொன்னேன். இரண்டு வளையம் வரும் என்று நினைத்தாள், ஒரே நீள வளையமாக விரிந்தது. "யார்ப்பா இதைக் கண்டுபிடிச்சது?" என்றாள். கேட்ட பிறகு சொல்லாமல் இருப்பது எப்படி? 1858ல் மோபியஸ், லிஸ்டிங் என்று இரண்டு ஜெர்மானியர்கள் ஒருவரையொருவர் அறியாமல் ஒரே வருடத்தில் கண்டார்கள் என்று சொன்னேன். உடனே இன்னொரு பட்டை எடுத்து, நடுவில் வெட்டாமல் ஓரத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கில் வெட்டிப் பார்த்தாள். ஒன்றுக்குள் ஒன்று கோத்த இரண்டு வளையம், ஒன்று மற்றதைப் போல இரு மடங்கு நீளம். அதை நான் சொல்லித்தரவில்லை. பென்ட்லியைப் பற்றி உங்கள் சின்னவளுக்கும் யாரோ சொல்லித்தானே இருப்பார்கள், அக்கா?


நூலும்_ஊசியும் எழுதியது:

நான்தான் சொன்னேன் தம்பி, அவள் கேட்டாள், அதனால் சொன்னேன். நீங்கள் சொல்வது சரி. "கேட்ட பிறகு" என்று நீங்கள் போட்ட அந்த வார்த்தையை நான் என் பதிவில் எழுதியிருக்க வேண்டும்.


மூவர்_அம்மா எழுதியது:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. இடக்கைக் கத்தரிக்கோல் பற்றி என் கணவரிடம் படித்துக் காட்டினேன், இருவருக்கும் தொண்டை அடைத்துவிட்டது. இத்தனை நாள் அவனைப் பொறுமை இல்லாதவன் என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

அக்கா, உப்பு மாவைச் சின்னவள் தின்றுவிட்டால் என்ன ஆகும்?


நூலும்_ஊசியும் எழுதியது:

நல்லவேளை கேட்டீர்கள், நீங்கள் முதலிலேயே சொல்லியும் நான் கவனிக்காமல் விட்டுவிட்டேன். அதில் உப்பு மிக அதிகம். நாக்கில் பட்டதும் துப்பிவிடுவார்கள்தான், ஆனாலும் விழுங்கினால் சின்ன உடம்புக்கு ஆபத்து. வளர்ப்பு நாய் இருந்தால் அதற்கும்தான். வாயில் போடும் பழக்கம் போகும்வரை உப்பு மாவு வேண்டாம். மாவும் தண்ணீரும் மட்டும் பிசைந்து கொடுங்கள், காய வைத்துப் பாதுகாக்க முடியாது, அவளுக்கு அதைப் பற்றிக் கவலையும் இருக்காது. கோலியும் அவள் கைக்கு எட்டக்கூடாது. பையனுக்கு மேஜைப் பந்து கொடுத்துவிட்டு, குழலுக்குப் பதிலாக அகலமான அட்டையை மடித்துச் சரிவு செய்யச் சொல்லுங்கள்.


மூவர்_அம்மா எழுதியது:

விடுமுறை நேற்றோடு முடிந்தது. வந்து சொல்லவேண்டும் என்று இருந்தேன்.

மேஜையில் தாள், நூல், ஊசி, மெழுகு எல்லாம் வைத்துவிட்டு, யாரையும் கூப்பிடாமல் நான் எனக்கொரு புத்தகம் தைக்க உட்கார்ந்தேன். முதல் நாள் யாரும் வரவில்லை. பயமாகத்தான் இருந்தது. இரண்டாம் நாள் பெரியவள் வந்து பக்கத்தில் நின்று, மேல்துளையிலிருந்து நான் நடுத்துளைக்கே திரும்பி வந்துவிட்டதைப் பார்த்துவிட்டு, "அம்மா, தப்பாப் போறீங்க" என்றாள். பிரித்துவிட்டு அவளே தைத்துக் காட்டினாள். அப்புறம் தனக்கென்று ஒன்று. அதில் என்ன எழுதுகிறாள் என்று எனக்குக் காட்டவில்லை, நானும் கேட்கவில்லை. தலையணைக்கடியில் வைத்திருக்கிறாள்.

அடுத்தவன் புதுக் கத்தரிக்கோலால் முதல் மூன்று நாள் எதையும் செய்யவில்லை, வெறுமனே வெட்டினான். பழைய செய்தித்தாள், உறை, அட்டை, எல்லாம் நேர் நேராகக் கீற்றுகள். ஒரு பெட்டி நிறைய. கடைக்குட்டி அந்தக் கீற்றுகளுக்குள் உட்கார்ந்துகொண்டு மாவைப் பிசைந்தாள். மேஜைப் பந்துச் சரிவு இன்னும் கூடத்தில்தான் நிற்கிறது, எடுக்க விடமாட்டேன் என்கிறான்.

அக்கா, ஒரு சந்தேகம். பெரியவளுக்கு 32 பக்கமும் தீர்ந்துவிட்டது. அதே புத்தகத்தோடு இன்னொரு 32 பக்கத்தைச் சேர்த்துத் தைக்க வேண்டுமாம், புதுப் புத்தகம் வேண்டாமாம். இரண்டு கட்டுகளையும் ஒரே முதுகில் எப்படிச் சேர்ப்பது?